பெட்டி விடாத சாவி

சாவியைத் திருப்பியது தாரிகாதான்.

எட்டு வயது விரல்களுக்கு அது கனமான சாவி. இரண்டு கையாலும் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். சுவரில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் டக் என்றது.

அம்மா சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் கூரை மராமத்து. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அம்மா வேலை பார்க்கும் ரயில்வே கேட்டில் வேலை நேரத்தில் வெளியாள் இருக்கக் கூடாது. பெற்ற பிள்ளையும் வெளியாள்தான். தெரிந்தே கூட்டி வந்திருந்தாள்.

வந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாரிகா ஒவ்வொன்றுக்கும் ஏன் என்றாள். பன்னிரண்டு வருட வேலையில் இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து மாஸ்டர் போன் செய்வார். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு கம்பங்களும் சாலைக்குக் குறுக்கே இறங்கும். இறங்கிப் பூட்டினால்தான் சாவி கையில் வரும். அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் மாஸ்டரால் ரயிலுக்குப் பச்சை காட்ட முடியும். பச்சை விழுந்துவிட்டால் பெட்டி சாவியைப் பிடித்துக்கொள்ளும். கடைசி வேகன் கேட்டைத் தாண்டும்வரை விடாது.

"நீ இழுத்தாலும் வராதா?"

"மாஸ்டரே வந்து இழுத்தாலும் வராது."

தாரிகா இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெட்டியைத் தானே செய்து வைத்ததுபோல.

அப்போதுதான் ஆட்டோ வந்தது.

கம்பத்தில் முட்டுவதுபோல் வந்து நின்றது. பின்சீட்டில் ஒருவர் முட்டியில் கையூன்றிக் குனிந்திருந்தார். அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட் அறைவரை கேட்டது. பக்கத்தில் மனைவி. இன்ஹேலரை உதறி உதறி அவர் வாயில் வைத்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

இறங்கி ஓடி வந்தாள்.

"யக்கா, ஒரே ஒருவாட்டி தூக்கிவிடுக்கா. ஆஸ்பத்திரி அந்தப் பக்கந்தான்."

தண்டவாளம் காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வெறும் வெயில். அதை அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

அம்மா மாஸ்டருக்குப் போன் போட்டாள். சரக்கு ரயில் சிக்னலைத் தாண்டிவிட்டது என்றார். ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரி. இப்போது பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டும். கேட் அதற்குள் வந்துவிடும். இதையெல்லாம் அவர் சொல்லவே வேண்டியதில்லை. அவளுக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் விளக்கத் தொடங்கினாள். சாவி, பெட்டி, பச்சை.

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ரயிலயே காணோம், அதுக்குள்ள பூட்டிட்டு உள்ள போயி உக்காந்துக்கிறது," என்றான் ஆட்டோக்காரன், யாரையும் பார்க்காமல்.

அவன் சொன்னது சரிதான்.

மாஸ்டர் போன் செய்ததும் அம்மா உடனே பூட்டுகிறவள் இல்லை. வெளியே வந்து சாலையில் புளியமரத்து வளைவைப் பார்ப்பாள். புழுதி தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவாள். அதற்கு மூன்று நிமிடம் இடமிருக்கும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத பழக்கம்.

இன்றைக்குப் பார்க்கவில்லை.

சாவி எப்போது வரும், எப்போது வரும் என்று தாரிகா குதித்துக்கொண்டிருந்தாள்.

ரயில் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. வேகன் வேகனாகக் கரியை ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்தது. பச்சைக் கொடியை நீட்டியபடி அவள் எண்ணினாள். நாற்பது. நாற்பத்தைந்து.

ஐம்பத்தொன்றாவது வேகன் சாலையின் நடுவில் நின்றது.

முன்னால் லைன் கிடைத்திருக்காது. எப்போது கிடைக்கும் என்று மாஸ்டருக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் கம்பத்துக்கு அடியில் நுழைந்து, குனிந்து, வேகனுக்குக் கீழே பார்த்தாள். அந்தப் பக்கம் சாலை தெரிந்திருக்கும். அம்மா ஓடிப்போய் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தாள். அந்தப் பெண் திமிறவில்லை. அப்படியே அம்மாமேல் சாய்ந்தாள்.

ஆட்டோவிலிருந்து வந்த மூச்சுச் சத்தம் குறைந்திருந்தது. அப்படிக் குறையக் கூடாது.

குளத்துக்கரை வழியாகப் போனால் பாலம் இருக்கிறது. பதினோரு கிலோமீட்டர். ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பினான். மனைவி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஆட்டோ கிளப்பிய புழுதிகூட அடங்கவில்லை. ரயில் நகர்ந்தது.

ஐம்பத்தெட்டாவது வேகனும் போனது. பெட்டி சாவியை விட்டது. கைப்பிடியைச் சுற்றிக் கம்பங்களை மேலே ஏற்றினாள். கடந்துபோக யாரும் இல்லை.

உள்ளே தாரிகா பெட்டிக்கு எதிரில் நின்றிருந்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"நான் திருப்பலைன்னா பச்சை விழுந்திருக்காது. ரயிலு அங்கயே நின்னுருக்கும். அந்த மாமா போயிருப்பாங்க. இல்லம்மா?"

ஒன்றுகூடத் தப்பில்லை. ஒரே காலையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தாள்.

அம்மா மண்டியிட்டு அவள் கைகளை முன்னால் எடுத்தாள்.

"இல்ல தாயி. அது தானாவே பூட்டிக்கிரும். நீ சும்மா கை வச்ச, அவ்வளவுதான்."

தாரிகா பெட்டியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சரிம்மா," என்றாள்.

காலையிலிருந்து, ஏன் என்று கேட்காமல் அவள் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.