பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை

“நர்மதான்னு ஒரு பொண்ணு, இங்க பேக்கிங்ல வேல செய்யுதாமே. ஆளு எப்படிம்மா?”

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில், வெளியே போகும் பெண்களின் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டி வேலை அவளுக்கு. காலை ஆறு மணியிலிருந்து நின்றதில் கால் இரண்டும் கனத்துப் போயிருந்தன. கல்யாணத்துக்குப் பெண்ணை விசாரிக்க மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படி வந்துவிடுகிறார்கள். ஒரு பெண் ஷிப்ட் வேலைக்குப் போனால் போதும், ஊருக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிடும்.

வந்தவர் தேசப்பன், மாப்பிள்ளையின் பெரியப்பா. ஆர்.கே.பேட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த அலுப்பு அவர் முகத்திலும் இருந்தது. பெண் வீட்டை இன்னும் பார்க்கவில்லை, பேச்செல்லாம் பெண்ணின் அப்பாவோடு போனில்தான் என்றார்.

கன்னியம்மா தன் நாற்காலியை அவருக்குப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும், தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பாள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றாள். தேசப்பனுக்கு நிம்மதியாகிவிட்டது. நிம்மதியான மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது.

“பையன் எப்படிண்ணா?”

“நல்ல பையன்தான். ஸ்ரீபெரும்புதூர்ல வேலைல இருந்தப்ப ஒரு பொண்ணோட ரெண்டு வருசம் குடும்பம் நடத்திக்கினு இருந்தான். அது வயித்துல புள்ளயோட வந்து நின்னுச்சு. எப்படியோ பேசி அனுப்பிட்டோம்.”

“இது பொண்ணு ஊட்டுக்குத் தெரியுமா?”

“அப்பனுக்குத் தெரியும். ஆம்பளப் புள்ளன்னா அப்படி இப்படித்தான்னு அவரே சொல்லிட்டாரு. வாக்கு குடுத்துட்டாரு, இனிமே மாற மாட்டாரு. பொண்ணோட அம்மாவுக்குச் சொல்லல. பொம்பளைக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?”

கன்னியம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வந்தது. யூனிபார்மில் இருக்கிறோமே என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

“அண்ணா, ஒரு பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு மொதல்ல மறைச்சுட்டேன். அந்த நர்மதா சரியில்ல. ஒரு பையனோட வெளியூருக்கெல்லாம் போய் வந்துக்கினு இருக்கா. எங்க வேணா சொல்லுவேன்.”

தேசப்பன் எழுந்தே விட்டார். அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். கெட்டுப்போன பெண் நம் குடும்பத்துக்கு ஆகாது, இன்றைக்கே அவள் அப்பனிடம் சொல்லி முடித்துவிடு என்றார். பிறகு கன்னியம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. பெண்கள் பையைத் திறந்து காட்டியபடி வரிசையாக வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவளின் பையையும் கன்னியம்மா வழக்கம்போலத் திறந்து பார்த்தாள். மூடிக் கொடுத்தாள்.

“நர்மதா, ஊட்டுல நைனா கத்துவாரு, அடிக்கக்கூட வருவாரு. நீ வாயத் தொறக்காத” என்றாள். “அந்த எடம் இனிமே வராது. உன்னப் பத்தித் தப்பா சொன்னது உன்னப் பெத்த அம்மா நான்தான்.”