மாசத்துக்கு ஒரு முத்தம்

“மறுபடியும் வந்துட்டீங்களா டெய்லர் சார்?” ரத்தப் பரிசோதனைக் கூடத்து நர்ஸ் அலுத்துக்கொண்டாள். “ஒரு முத்தத்துக்கெல்லாம் எச்.ஐ.வி. வராதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மூணு டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்லைன்னு வந்தாச்சு.”

“மனசு கேக்கல சிஸ்டர். இன்னும் ஒரே ஒரு தடவை.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு படிவத்தை எடுத்தாள். “முத்தம் கொடுத்தது என்னைக்கு?”

“ஏப்ரல் பத்து.”

பழைய படிவங்களைப் புரட்டியவள் நிமிர்ந்தாள்.

“இதுல ஜனவரி, இதுல பிப்ரவரி, இதுல மார்ச். மாசத்துக்கு ஒருத்தியா? மறைக்காமச் சொல்லுங்க, மொத்தம் எத்தனை பேரு?”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “யாருமே இல்ல சிஸ்டர்.”

“அப்போ எதுக்கு இந்த டெஸ்ட்?”

“நாள் முழுக்க ஊர்ல இருக்கிறவங்க தோளையும் இடுப்பையும் தொட்டு அளவெடுக்கிறேன். என்னைத் தொடத்தான் ஆள் இல்ல. இங்க வந்தா, விரல்ல ஊசி குத்துறதுக்கு முன்னாடி நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘பயப்படாதீங்க’ன்னு சொல்வீங்க.”

நர்ஸ் படிவத்தைக் கிழித்துப் போட்டாள். மாட்டியிருந்த கையுறையைக் கழற்றினாள்.

“கையை நீட்டுங்க” என்றாள். “பயப்படாதீங்க.”