சிறந்த வாசகி

சிறந்த வாசகிக்கான கேடயத்தோடு இணைய நாளிதழின் ஆசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு வருஷமா இந்த அம்மா நம்ம தளத்தைத் திறக்காத நாளே இல்லை. எல்லாம் நம்ம வடிவமைப்பாளரோட கைவண்ணம்."

வடிவமைப்பாளரின் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது.

ஆசிரியர் மைக்கை நீட்டினார். "அப்படி எதும்மா உங்களைக் கட்டிப்போட்டுச்சு?"

"ஒரு விபத்துச் செய்தி, சார். அதுல ரோட்டுல ரத்தத்தோட கிடக்கிறது என் மகன். படத்தை எடுத்துடுங்கன்னு எழுதிப் போட்டேன். எடுத்துட்டீங்களான்னு தினமும் பார்க்கிறேன். திறந்ததுமே அவன்தான் முன்னாடி வர்றான்."

"அடிக்கடி பார்க்கிறதைத்தான் முதல்ல காட்டும், சார்," வடிவமைப்பாளர் ஆசிரியரின் காதைக் கடித்தார். "எடுத்துட்டா இவங்க வர மாட்டாங்க."

ஆசிரியர் கேடயத்தை அந்த அம்மாவின் கையில் வைத்தார்.

"கவனிக்கிறோம்மா. நாளைக்கும் வந்து பாருங்க."