இந்த உடுப்பில்தான் போனாள்

“கறுப்பு லேஸ் கவுன்! வெள்ளைக் காலர்! காலர்ல ஒத்தைச் சிவப்புப் பொத்தான்! இந்த உடுப்பிலதான் என் பொண்ணு அன்னிக்கு வீட்டை விட்டுப் போனா. என் கண்ணால பார்த்தேன்!”

தெருவில் நின்று நுமாதா மெகாஃபோனில் கத்துவது படிக்கட்டு வழியாக நிலத்தடி வரைக்கும் கேட்டது. கீழே கஜிவாரா தலை நிமிரவில்லை. காணாமல் போன ஷிஹோரிக்காக அவள் அப்பா போடும் இந்தக் கூப்பாட்டை இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது.

ஹராஜுகுவில் ராக் பைத்தியங்களுக்கெல்லாம் கோயிலாக இருந்த ‘வௌவால்’ அரங்கை நாளை இடிக்கப் போகிறார்கள். ஒரு காலத்தில் அதன் மேலாளராக இருந்த கஜிவாரா, இன்றைக்கு நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவுகிறவர், மிச்சமிருந்த ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டது. இறங்கி வந்தவள் நுமாதாவின் மனைவி தொயோமி.

“போதும்மா. நாளைக்கு இதையும் இடிச்சுடுவாங்க. இன்னும் என்னத்தைத் திட்டப் போறீங்க?”

“திட்ட வரல.” அவள் உள்ளங்கையை விரித்தாள். வௌவால் பொறித்த தகட்டோடு ஒரு சின்னச் சாவி. “இது இங்க உள்ளதா?”

கஜிவாரா ஒயரைக் கீழே போட்டார். “எங்க கெடைச்சுது?”

“அவ யூனிஃபார்ம்ல. காணாமப் போன அன்னிக்கு ஸ்கூல் விட்டு வந்து கழட்டி மாட்டினது, வீட்டுல மாட்டினபடியே தொங்குது. வாசனை போயிடுமேன்னு நான் துவைக்கவே இல்ல. நேத்துதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு எடுத்தேன். பாவாடைப் பையில இது இருந்துச்சு.”

லாக்கரெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து எந்தப் பூதம் கிளம்பினாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

ஷிஹோரி இங்கேதான் கிளம்பி வந்தாள் என்றார் நுமாதா. அன்று புயல், நிகழ்ச்சி ரத்து, கதவையே திறக்கவில்லை என்று தொண்டை வறளச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. போலீஸ் மேடை, கழிப்பறை எல்லாம் புரட்டிப் பார்த்தது. ஓர் ஆளை ஒளிக்க முடியாத சின்ன லாக்கர்களை யாரும் சீண்டவில்லை. போலீஸ் அவரை விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. அன்று பூட்டிய அரங்கு பூட்டியதுதான். டிவியில் நுமாதா கதறி அழுததைப் பார்த்துவிட்டு, கஜிவாராவின் மனைவியே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் அவள் சாவியை நீட்டியபடியே நின்றாள். பாழாய்ப்போன இரக்கம். அவர் டார்ச்சை எடுத்தார்.

“வாங்க. எல்லாம் மாச வாடகை லாக்கர். பொண்ணுங்க ஸ்கூல் உடுப்புல வருவாங்க. இங்க மாத்திக்கிட்டு ஆடுவாங்க. போறப்ப ஆட்ட உடுப்பை இதுல வெச்சுப் பூட்டிட்டு, திரும்ப ஸ்கூல் உடுப்புல நல்ல பிள்ளையாட்டம் போயிடுவாங்க. வீட்டுல பார்த்தா கிழிச்சுடுவாங்களே.”

“எது அவளோடதுன்னு தெரியாதா?”

“இங்க யாரும் நெசப் பேரு சொல்லமாட்டாங்கம்மா. நானும் கேக்கமாட்டேன்.”

“மாத்துச் சாவி?”

“கெடையாது. பூட்டணும்னாலும் திறக்கணும்னாலும் அதே சாவியைத்தான் திருப்பணும். தொலைச்சா உடைக்க வேண்டியதுதான்.”

தகட்டிலிருந்த எண்ணைப் பார்த்து அவரே லாக்கரைக் காட்டினார். துருப்பிடித்த பூட்டு முரண்டு பிடித்தது. தொயோமி பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது வெள்ளைக் காலர். அதில் ஒத்தைச் சிவப்புப் பொத்தான். கறுப்பு லேஸ் கவுன், ஒழுங்காக மடித்து, நடுவில் பூச்சி உருண்டை வைத்து, தடிமனான பூட்ஸ் மேல் இருந்தது. நுமாதா வாசலில் கொடுக்கும் நோட்டீஸ் படத்தில் ஷிஹோரி போட்டிருக்கும் அதே கவுன்.

கஜிவாரா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, சத்தியமா சொல்றேன், அன்னிக்கு அவ இங்க வரல! கதவு பூட்டியிருந்துச்சு! இது எப்படி இங்க வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது!”

சொல்லும்போதே தெரிந்தது, இனி அந்தக் கடவுளே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. போட்டுக்கொண்டு போன உடுப்பு அவர் அரங்கில் இருக்கிறது. தூக்குக் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது.

தொயோமி அலறவில்லை. பொத்தானைக் கட்டைவிரலால் தடவினாள்.

“இது என் பழைய கோட்டுப் பொத்தான். எங்கேயோ விழுந்துடுச்சுன்னு நெனைச்சேன். அவளே தைச்சுக்கிட்டாளா இதை?”

“எல்லாரும் அவங்கவங்களே தைச்சுக்கறதுதான்மா.”

“இது மாதிரி இன்னொண்ணு…?”

“ஒண்ணு தைக்கவே வருஷக்கணக்கா ஆகும்.”

மேலே மெகாஃபோன் மறுபடியும் கரகரத்தது. “இந்த உடுப்பிலதான் போனா! வேணாம் வேணாம்னேன், கேக்கல! என் கண்ணால பார்த்தேன்!”

தொயோமி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். அன்றிலிருந்து வீட்டிலேயே இருந்த சாவியைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத கவுனைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து, பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“போலீசைக் கூப்பிடுங்க,” என்றாள்.

கஜிவாரா இரண்டு கையும் கூப்பிவிட்டார். “அம்மா, நான் ஒரு பாவமும்…”

“உங்களைப் பிடிக்க இல்ல. மேல கத்துறாரே, அவரை.”