வாய்க்கு அருகே

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களே பள்ளிகளில் போய்ப் பேசட்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த பயிற்சியில் கோமளா தடங்கலில்லாமல்தான் பேசினாள். இன்றுதான் முதல் பள்ளி. "நல்லா வாய்கிட்ட வச்சுப் பேசும்மா" என்று தலைமையாசிரியர் மைக்கை அவள் உதட்டருகே நீட்டினார். அன்று வாயைப் பொத்திய கையும் இப்படித்தான் வந்தது. அவள் மைக்கை வாங்கி மேஜையில் படுக்க வைத்துவிட்டு, வெறுங்குரலில் தொடங்கினாள். "கேக்கல மிஸ்" என்றது கடைசி வரிசை. தொண்டை கிழியச் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லையாம். அன்று அவள் போட்ட கூச்சலும் சுவரைத் தாண்டவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காவது கேக்குதா கண்ணு?"

சிறுமி தலையாட்டினாள். தன் வாயைப் பொத்தியிருந்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.