வெளி லைட்டு

“எப்படியாவது அந்த வெளி லைட்டை எரிய வச்சிடுங்க நானா. இருட்டுறதுக்குள்ள எரியணும். உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிட்டு மங்களேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். சோலர் ரிப்பேர் செய்ய வந்த அப்துல் ஸமத் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சாமான் பையைத் திறந்தார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை, அவரோடு ஜீப்பில் வந்த இருவரும் ‘சேர்’ என்றார்கள். மூவருக்கும் சிவில் உடுப்பு, இடுப்பில் துப்பாக்கி. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். இரத்தோட்டைக்கு மேலே இந்த மலைக்கு ஒரு ஜீப் ஏறி வந்தால், யாரையோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று அர்த்தம். போன மாதம் அப்படிக் கொண்டுபோன சிவசாமி இன்னும் வீடு திரும்பவில்லை.

இன்றைக்கு வந்திருப்பது மங்களேஸ்வரியின் புருஷன் முத்துவீரனைத் தேடி. எவனோ அவன் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். பாவம், முத்துவீரன் ஏலக்காட்டுக்குள் ஓடி ஒளிந்திருந்தான்.

“எங்கயாவது இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருப்பார் சேர். வெளி லைட்டு எரிஞ்சாத்தான் வீட்டுக்கு வருவார்.” இதை வாயைத் திறந்து சொன்னவள் வேறு யாருமில்லை, இவளேதான். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று அவர்கள் சொன்னார்களாம். இவளும் நம்பிவிட்டாளாம். லைட் எரியவில்லை என்றதும், கடையில் சும்மா இருந்த ஸமத்தை ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குச் சோலர் பூட்டியவரே அவர்தான். கூரையில் இருந்த பெனலின் ஓரமெல்லாம் பாசி பிடித்திருந்தது. வீட்டுக்குள் இருந்த இரண்டு டியூப்பும் முனை கறுத்துக் கிடந்தன. வெளி லைட்டு மட்டும் பூட்டிய அன்றைக்கு இருந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையிலா இருந்தார் ஸமத்?

பெட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் உயிர் இருந்தது. நேராக வயரைக் கொடுத்தால் கொஞ்ச நேரமாவது எரியும்.

“பெட்டரி முடிஞ்சி சேர். இனி ஒண்ணும் செய்ய ஏலாது” என்றார்.

“என் வீட்டிலயும் இதுதான் இருக்கு, சீகிரியா பக்கம். நல்லா எரியுதே?”

“அங்க வெயில் சேர். பெட்டரிக்குத் தண்ணி வத்தும், ஊத்திக்கிட்டே இருந்தா ஓடும். இங்க மழை தொடங்கினா மாசக்கணக்கா பனிமூட்டம். வருசா வருசம் அரை வயித்துக்குத்தான் சார்ஜ் ஏறுது. பட்டினி கிடந்தே செத்துப்போன பெட்டரி இது.”

பாதி உண்மை. மீதி, முத்துவீரனின் உயிருக்காகச் சொன்ன பொய்.

சேர் எழுந்து வெளியே பார்த்தார். பனி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மங்களேஸ்வரிக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது.

“சேர், உங்க ஜீப்புல பெட்டரி இருக்குதானே? அதைக் கழட்டிக் குடுத்தா எரியும்தானே?”

அடிப்பாவி! ஸமத் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“கெட்டிக்காரி” என்று சேர் சிரித்தார்.

ஜீப் பெட்டரி வந்தது. ஒருவன் துப்பாக்கியோடு பக்கத்திலேயே நின்றான். யா அல்லாஹ், இந்த லைட்டு எரியக்கூடாது என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே ஸமத் வயரை முடுக்கினார்.

பளிச்சென்று எரிந்தது. முற்றத்தைத் தாண்டி, பனிக்குள் காட்டுப்பக்கம் வரைக்கும் வெளிச்சம் போனது. மூவரும் வீட்டுக்குக் கீழே இருந்த தேயிலைச் செடிகளுக்குள் போய்ப் பதுங்கினார்கள்.

ஸமத் சாமான் பையை எடுக்கக் குசினிக்குள் போனார். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் மங்களேஸ்வரி சுவரில் சாய்ந்து நின்றாள். அவருக்குத் தாங்கவில்லை.

“கட்டின புருசனையே காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?”

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு ஜன்னலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

“மெதுவா பேசுங்க நானா. அந்த லைட்டு எரிஞ்சா வீட்டுப்பக்கமே வராதீங்கன்னுதான் அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”