பேரும் பிறந்த தேதியும்

“பேரு?”

வெல்டர் சொன்னான்.

“பொறந்த தேதி?”

அதையும் கண்ணிமைக்காமல் ஒப்பித்தான். கேட்டது போலீஸ் இல்லை, அவனைப் பெற்ற தாய். முப்பத்து மூன்று வயதிலும் அவள் கேட்டால் அவன் சொல்லியாக வேண்டும்.

விசா முடிந்தும் ஊர் திரும்பாத குடும்பம் அது. யாராவது மடக்கிக் கேட்டால் பிள்ளை திருதிருவென்று முழிக்கக் கூடாதே! பேச்சு திருந்துமுன்பே தினமும் பாடம் நடந்தது. தடுமாறினால் தொடையில் கிள்ளு விழும்.

பள்ளியில் எப்போதும் அவன்தான் குள்ளம். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லையே என்று டீச்சர் ஒரு வார்த்தை கேட்டதற்கு, அம்மா அவனை ஒரு வாரம் பள்ளிக்கே அனுப்பவில்லை.

பிறகு பட்டறை வேலை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பின்கதவைப் பார்ப்பான். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டான். சர்டிபிகேட்டில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே போயிற்று. அதை நினைத்து அவன் அழாத நாளில்லை.

சின்ன வயதில் வந்து இங்கேயே வளர்ந்தவர்கள் இனி சட்டப்படி இருக்கலாம் என்று போன வருஷம் அரசாங்கம் மனமிரங்கியது. விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டைக் காட்டி அவனும் எழுதிப் போட்டான். இன்று காலை கார்டு கைக்கு வந்தது. பட்டறைக்குக்கூடப் போகாமல் நேரே அம்மாவிடம் ஓடி வந்திருந்தான்.

அம்மா கார்டை வாங்கி, அதிலிருந்த பெயரை விரலால் தடவினாள். அந்தப் பெயரைச் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. ஒற்றைப் பிள்ளைதான், ஆனாலும் அவளுக்கு அவன் ‘சின்னவன்’.

அவள் கண் நிறைந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

“இனிமே பயமே இல்லம்மா. மொத வேலையா பாப்பா சர்டிபிகேட்ல என் பேரைச் சேத்துடப் போறேன்.”

“அது மட்டும் வேணாம்.”

“ஏன், அப்பன் பேரு இல்லாமலே அவ வளரணுமா?”

அம்மா எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள். திரும்பி வந்து, அக்கம்பக்கம் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

“விசா வந்த வாரமே உங்கண்ணன் செத்துட்டான்டா, சின்னவனே. அவன் விசாவுலதான் உன்னைக் கூட்டியாந்தோம். இது அவன் பேரு.”